மேலே போகும் கல்லை யார் தள்ளுகிறார்கள்?

ஒரு கல்லை நேராக மேலே எறிகிறீர்கள். கல் கையை விட்டுப் போய்விட்டது. இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தக் கணத்தில் அந்தக் கல்லின் மேல் செயல்படும் விசை எது?

மூன்று விடைகள் தருகிறேன். ஒன்று, எறிந்த கை கொடுத்த விசை மேல்நோக்கிச் செயல்படுகிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. இரண்டு, மேல்நோக்கிக் கையின் விசையும் கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசையும் இருக்கின்றன, உச்சியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. மூன்று, கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டுமே இருக்கிறது.

அடுத்த பத்திக்குப் போகுமுன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் இயற்பியல் படித்தவரா, தமிழ் இலக்கியம் படித்தவரா என்பதெல்லாம் முக்கியமில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

மூன்றாவதுதான் சரி. கல் கையை விட்ட கணத்தோடு கையின் வேலை முடிந்துவிட்டது. கல்லிடம் இருப்பது வேகம், விசை அல்ல. அந்த வேகத்தைப் புவியீர்ப்பு குறைத்து, பூஜ்யமாக்கி, பிறகு கீழ்நோக்கித் திருப்புகிறது. முதல் விடையையோ இரண்டாவதையோ தேர்ந்தெடுத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். நகர்கிற பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அன்றாட வாழ்க்கை நமக்குக் கற்றுத்தரும் பாடம். தள்ளுவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. நிறுத்துவது உராய்வு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிஸ்டாட்டில் அப்படித்தான் நினைத்தார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன ழான் புரிடான், எறிகிறவர் கல்லுக்குள் ஒரு உந்துதலை ஏற்றி அனுப்புகிறார் என்றார். முதல் விடைக்கு வெகு அருகில் வருவது அதுதான். நியூட்டனின் நூல் வந்தது 1687இல். மனித குலத்துக்கு இத்தனை காலம் பிடித்த விஷயம் ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஒரு மணி நேர வகுப்பில் வந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

தென்மாவட்டம் ஒன்றில், ஒரு மகளிர் கலை அறிவியல் கல்லூரியில், பத்தொன்பது வருடங்களாக இயற்பியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவிகளிடம் நியூட்டனின் விதிகளைக் கேட்டால் மூன்றையும் கமா, முற்றுப்புள்ளி மாறாமல் சொல்வார்கள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். முடுக்கம் என்ன, உந்தம் என்ன என்று சூத்திரத்தில் எண்ணைப் போட்டுக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். மேலே போகும் கல்லைக் கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் கையின் விசையைத் தேடிப் போவார்கள்.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டினஸ் என்ற இருவரும் 1985இல் இதைத்தான் எழுதினார்கள். கல்லூரியில் இயற்பியல் பாடத்தை முடித்துவிட்டு வெளியே வரும் மாணவர்கள், விசை பற்றி உள்ளே வரும்போது வைத்திருந்த எண்ணத்தையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். 1992இல் ஹெஸ்டினஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் மூவரும் சேர்ந்து ஒரு தேர்வை வெளியிட்டார்கள். பெயர் ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி. நம் வசதிக்கு விசைக் கருத்துத் தேர்வு என்று வைத்துக்கொள்ளலாம். 1995இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 30 கேள்விகள், கேள்விக்கு 5 விடைகள். சூத்திரம் கிடையாது, கணக்குப் போட வேண்டியதில்லை. பந்து எந்தப் பாதையில் போகும், எந்த விசை எந்தப் பக்கம் என்று அன்றாட மொழியில் கேட்கும். தவறான விடைகளை ஆசிரியர்கள் சும்மா இட்டு நிரப்பவில்லை. மாணவர்கள் உண்மையாகவே நம்புகிறவற்றிலிருந்து எடுத்தார்கள். அதனால் மனப்பாடம் இங்கே உதவாது.

ஹார்வர்டில் பாடம் நடத்திய எரிக் மசூர் என்ற பேராசிரியர், தன் மாணவர்களுக்கு இதெல்லாம் சுண்டைக்காய் என்ற எண்ணத்தில் ஹலூனும் ஹெஸ்டினஸும் முதலில் வைத்த கேள்வித்தாளைக் கொடுத்தார். ஒரு மாணவர் எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, அல்லது நான் வழக்கமாக இந்த விஷயங்களை யோசிக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். மசூர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். அந்த மாணவரின் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சொல்லிக்கொடுத்தபடி ஒன்று, தானாக நினைக்கிறபடி ஒன்று என இரண்டு தலைகளோடு வாழ்வது பெண்களுக்குப் புதிதில்லை. வகுப்பில் மட்டுமா?

விசைக் கருத்துத் தேர்வின் கேள்விகளை வெளியில் அச்சிடக் கூடாது என்பது ஆசிரியர்கள் காத்துவரும் நடைமுறை. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் கேள்விகள் என் வகுப்புக்காக நானே எழுதியவை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் துறையில் சேர்க்கை குறைந்தது. பி.எஸ்சி. இயற்பியலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கணினிப் பாடப்பிரிவு ஒன்றைக் கூடுதலாக வைக்கலாம் என்று யோசனை வந்தது. அதற்காகக் கூடிய கூட்டத்தில், வெளியிலிருந்து ஆலோசனைக்கு அழைக்கப்பட்டிருந்த ஒரு மூத்த பேராசிரியர் சொன்னார்: “மேடம், வருத்தப்படாதீங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு மெக்கானிக்ஸ் வராது. நான் சொல்லல. அமெரிக்காவுலயே டெஸ்ட் வச்சுப் பாத்து பேப்பர் போட்டிருக்கான்.” அவர் சொன்னது இந்தத் தேர்வைத்தான்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படிக் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால், அவற்றை முழுதாகப் படித்தால் வேறு ஒரு கதை தெரிகிறது.

2013இல் மேட்சன், மெக்கேகன், சேய்ர் ஆகியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விசை, இயக்கம் பற்றிய இத்தகைய தேர்வுகளில் பாடம் தொடங்குமுன் ஆண்களின் சராசரி பெண்களைவிட 13 சதவீதம் அதிகம்; பாடம் முடிந்த பின் 12 சதவீதம் அதிகம். அந்தப் பேராசிரியர் இந்த எண்ணோடு நின்றுவிட்டார். ஆனால், வகுப்புக்குள் நுழையும்போதே 13 இருக்கிறது என்றால் அந்த இடைவெளி வகுப்பில் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது. பாடம் அதைத் துடைக்கவும் இல்லை. ஒரு பாடப்பிரிவை மூடுவதற்கான காரணமாக எனக்கு இது படவில்லை. பாடம் நடத்தும் முறையை மாற்றுவதற்கான காரணமாகத்தான் படுகிறது.

2018இல் ஏட்ரியன் டிராக்ஸ்லரும் அவருடன் சேர்ந்தவர்களும் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். மாணவிகளைச் சோதிக்கும் தேர்வை யார் சோதிப்பது? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளை எடுத்து, ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு எதிராகச் சாய்ந்த கேள்விகள் 6 இருந்தன. பெண்களுக்குச் சாதகமாகச் சாய்ந்தவை 2. சாய்ந்த கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டால் அவர்கள் பார்த்த முக்கியத் தொகுதியில் இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஏன் இந்தக் குறிப்பிட்ட கேள்விகள் என்பதற்கு ஒரே ஒரு காரணம் அகப்படவில்லை என்றும் அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். முன்பு நடந்த ஆய்வுகள் பலவும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆண்களே இருக்கும் வகுப்புகளிலிருந்து வந்தவை என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். கூட்டத்தில் யாரும் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை.

‘வராது’ என்ற அந்தச் சொல்லுக்கு வரலாற்றிலும் பதில் இருக்கிறது. நியூட்டனின் நூலைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்தவர் எமிலி து ஷாத்லே என்ற பெண். மொழிபெயர்த்ததோடு விளக்கவுரையும் எழுதினார். நகரும் பொருளின் வலிமை வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததா என்று ஐரோப்பாவே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். டச்சு அறிஞர் ஒருவர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் குண்டு நான்கு மடங்கு ஆழத்துக்குப் போனது. இதை எடுத்துவைத்து, வர்க்கத்தின் பக்கம் நின்று வாதாடினார் ஷாத்லே. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டி பிரேக் போட்டு நிற்க எடுக்கும் தூரத்தைவிட, 60இல் போகும் ஸ்கூட்டிக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்று நாம் சொல்வது அந்த வாதத்தின் தொடர்ச்சிதான். மொழிபெயர்ப்பை முடிக்கும் நேரத்தில் அவர் கர்ப்பிணி. வயது 42. பிரசவத்தில் இறந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரவு பகலாக எழுதினார். 1749 செப்டம்பரில் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்துபோனார். நூல் முழுமையாக வெளிவந்தது 1759இல். மெக்கானிக்ஸ் அவருக்கு வந்தது. ஆயுள்தான் வரவில்லை.

சரி, வெளியிலிருந்து வரும் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

கல்லை எறிந்துதான் ஆரம்பித்தேன். யார் எறிந்து வளர்ந்தார்கள்? தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் 1980இல் ‘பெண்ணைப் போல எறிதல்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். சிறுமி எறியும்போது முழு உடம்பையும், சுற்றியுள்ள இடம் முழுவதையும் பயன்படுத்தத் தயங்குவது அவள் உடலின் இயல்பு அல்ல, அவளுக்குப் பழக்கப்பட்டது என்பது அதன் சாரம். நமக்கு அதை யாரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. ஓடாதே, குதிக்காதே, நிலம் அதிர நடக்காதே என்பதெல்லாம் நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படுபவை. இயக்கம் பற்றிய பாடத்தை இயங்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் நடத்துகிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தார்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடும் என்பதைக் காலால் தெரிந்துகொண்டார்கள். எங்கள் கிராமங்களிலிருந்து வரும் மாணவிகள் பலருக்கு அரசுப் பள்ளியில் தந்த மிதிவண்டிதான் முதல் சோதனைக் கூடம்.

இங்கே ஒரு சுலபமான வழி தோன்றும். விசைக் கருத்துத் தேர்வில் பீரங்கிக் குண்டும் ராக்கெட்டும் ஐஸ் ஹாக்கியும் வருகின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததைப் போட்டால் என்ன? லாரா மெக்கல்லோ என்ற இயற்பியல் பேராசிரியர் அதைச் செய்தே பார்த்தார். பெண்களின் உலகம் என்று சமூகம் நினைக்கும் சூழல்களுக்கு எல்லாக் கேள்விகளையும் மாற்றி எழுதினார். சூழல் மாறினால் சில கேள்விகளில் விடைகள் மாறத்தான் செய்தன. ஆனால் பெண்களின் மொத்த மதிப்பெண் அதனால் ஏறிவிடவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சமையலறையைப் பெண்ணின் இயற்கையான இடம் என்று தேர்வுத்தாளிலும் எழுதிக்கொடுப்பது எனக்கு ஒப்பவும் இல்லை. ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று, எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் சொந்த விளையாட்டான சொட்டாங்கல்லை எடுத்தேன். தாய்க்கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு, இறங்கும் கல்லையும் பிடிக்க வேண்டும். அரை மீட்டர் உயரத்துக்கு எறிந்தால் கல் திரும்பி வர 0.64 வினாடி ஆகிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் இரட்டிப்பாவதில்லை, 0.9 வினாடிதான். இதை ஒரு கணக்கும் போடாமல் விரலில் வைத்திருப்பவர்கள் எங்கள் பிள்ளைகள். நாலு கல்லையும் சேர்த்து அள்ள வேண்டிய கட்டத்தில் எவ்வளவு உயரம் எறிய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே கேள்வியைத் தாய்க்கல்லை வைத்துக் கேட்டேன். மேலே போகும் கல்லின் மேல் என்ன விசை?

விடைகள் பெரிதாக மாறவில்லை. கையின் விசை அப்படியே இருந்தது. ஆனால் வகுப்பு மாறியது. பீரங்கிக் குண்டைப் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு டிக் அடித்தவர்கள், இப்போது ஒருவரை ஒருவர் மறித்துப் பேசினார்கள்.

“கைய விட்ட பெறகு கை எப்படிப் புள்ள தள்ளும்?”

“தள்ளாமலா மேல போகுது?”

“அப்போ உச்சியில ஏன் நிக்கல? ரெண்டும் சமம்னா அங்கயே நிக்கணும்ல?”

கடைசியாகக் கேட்டவள் இரண்டாம் விடையை உடைத்துவிட்டாள். விசைகள் சமமாகி, வேகமும் பூஜ்யமானால் கல் அந்தரத்திலேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆகவே சமம் இல்லை. நான் கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் சொல்லாமல் விட்ட ஒன்று அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. சொந்தச் சூழல் அவர்களுக்குச் சரியான விடையைத் தரவில்லை. வாயைத் திறக்கும் உரிமையைத் தந்தது. விசைக் கருத்துத் தேர்வு அளப்பது நியூட்டனை மட்டுமல்ல. என்ன நடக்கும் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்கிறது. நீ நினைப்பதற்கு மதிப்பில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வாள்? புத்தகத்தில் இருந்த வாக்கியத்தைத்தான் தேடுவாள்.

முதுகலையில் நான் இருபாலர் கல்லூரியில் படித்தேன். சோதனைக் கூடத்தில் கருவியைத் தொடுவது பையன்கள். அளவீட்டை நோட்டில் எழுதுவது நாங்கள். எங்கள் நோட்டுகள் அழகாக இருந்தன. ஆசிரியர் பாராட்டுவார். திருகைத் திருப்பிப் பார்த்து, முள் அந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து, அது இந்தப் பக்கம் போனால் சிரித்து, மறுபடி திருப்புகிற சுகம் அவர்களுக்கு.

பேசவிடுவதால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 1998இல் ரிச்சர்ட் ஹேக், 62 வகுப்புகளில் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளில் மாணவர்கள், தாங்கள் ஏறியிருக்கக்கூடிய தூரத்தில் சராசரியாக 23 சதவீதம் ஏறினார்கள். மாணவர்கள் விவாதித்து, ஊகித்து, செய்து பார்த்த வகுப்புகளில் 48 சதவீதம். ஹார்வர்டில் மசூரின் குழு, இந்த முறையில் ஆண் பெண் இடைவெளியும் ஏறக்குறைய மறைந்தது என்று 2006இல் எழுதியது. அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில், எங்களிடம் இதே மாதிரி செய்தும் இடைவெளி போகவில்லை என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குழுவாக உட்கார வைத்தால் மட்டும் போதாது. குழுவில் யார் பேசுகிறார்கள், யார் நோட்டில் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மகளிர் கல்லூரியில் எனக்கு ஒரு வசதி, எழுதித்தர ஆள் தேடும் பையன்கள் அங்கே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் அனுமதித்ததால்தான் எழுதுகிறேன். ஓடும் பஸ் திடீரென்று பிரேக் போடுகிறது, நின்றுகொண்டிருக்கும் நீ முன்னால் சரிகிறாய், உன்னை முன்னால் தள்ளிய விசை எது என்பது கேள்வி. யாரும் தள்ளவில்லை என்பதுதான் விடை. பஸ்ஸோடு சேர்ந்து பாதம் நின்றுவிடுகிறது. மேல் உடம்பு தான் போன வேகத்திலேயே போகப் பார்க்கிறது. விவாதம் முடிந்து பெயரைச் சொல்லிவிட்டேன்: நிலைமம். எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒருத்தி கையைத் தூக்கினாள். தினமும் டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டு வருகிறவள்.

“மேம், அப்போ பிரேக் போட்டா யாரும் பின்னால சாய மாட்டாங்களா?”

“ஏன் கேக்குற?”

“எனக்கு முன்னால நிக்கிற ஆளு எம்மேல சாயிறாரு. கேட்டா, பிரேக் போட்டான்ல, நான் என்ன பண்றதுங்காரு.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒருத்தி, தோழியைச் சந்தேகப்படுவதாக இல்லாமல், நிஜமாகவே யோசித்துக் கேட்டாள்: “பஸ் நின்ன உடனே ஒருதடவ பின்னால ஆடுமே, அதுவா இருக்குமோ?” நல்ல கேள்வி. முன்னால் விழாமலிருக்கப் பின்பக்கமாக ஊன்றியிருக்கும் உடம்பு, பஸ் முழுதாக நின்ற கணத்தில் பின்னால் ஆடத்தான் செய்யும். பஸ் கிளம்பும்போதும் பின்னால் சாய்வோம். பலகையில் மூன்று படம் போட்டோம். கிளம்பும் பஸ், பிரேக் போடும் பஸ், நின்ற பஸ். ஒவ்வொன்றிலும் ஆள் எந்தப் பக்கம் போவார் என்று அம்புக்குறி. அந்தப் பெண் நடு படத்தைக் காட்டினாள். “இதுல. பிரேக் புடிக்கும்போதே. நின்னதுக்கு அப்புறம் இல்ல.” நடு படத்தில் எல்லா அம்புகளும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள். பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணே, பிரேக் போட்டா முன்னால போகணும். நீங்க எப்படிப் பின்னால வாறீங்க?” என்று கேட்டிருக்கிறாள். இரண்டு அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் அந்த ஆளை முன்படிக்கட்டுப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

இதை இயற்பியலின் வெற்றி என்று நான் கொண்டாடவில்லை. அந்த ஆள் பொய் சொல்கிறார் என்பது நியூட்டன் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அவள் உடம்புக்குத் தெரியும். ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொன்னால் நம்புவதற்கு நியூட்டன் சாட்சிக்கு வர வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனால் அந்த வகுப்பில் வேறொன்றும் நடந்தது. ஒரு தோழி எதிர்க்கேள்வி கேட்டாள். இவள் உடைந்து போகவில்லை. எந்தக் கணத்தில், எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொன்னாள். விசையும் இயக்கமும் புரிந்திருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல தேர்வை நான் எங்கும் பார்த்ததில்லை. தேர்வுத்தாளில் இதே கேள்விக்கு அவள் தவறான கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தாள்.

பாடப்பிரிவு பற்றிய அடுத்த கூட்டத்துக்கு நான் இரண்டு கட்டு விடைத்தாள்களைக் கொண்டுபோனேன். ஒன்று முதலாம் ஆண்டின் முதல் நாள் எழுதியது, பெயர் போடாமல், மதிப்பெண் கிடையாது என்று சொல்லி. இன்னொன்று அதே வகுப்பு பருவ இறுதியில் எழுதியது. கூடவே 2018ஆம் ஆண்டுக் கட்டுரையின் அச்சுப் பிரதி. இடைவெளி இல்லை என்று நான் வாதாடவில்லை. எதை அளந்து அந்த எண் வந்தது, அந்த எண்ணுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன மறுக்கப்பட்டது என்று கேட்டேன். மூத்த பேராசிரியர் பருவ இறுதித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இந்தக் கேள்வியெல்லாம் நல்லாருக்கே, யாரு எழுதுனது?” என்றார். பாதிக் கேள்விகள் மாணவிகளே எழுதியவை. பாடப்பிரிவுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு மறுபடி சேர்க்கை எண்ணிக்கையைப் பார்ப்பார்கள்.

வீட்டில் மகளோ, தங்கையோ, அக்கம்பக்கத்துப் பிள்ளையோ இருந்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். கிணற்றில் வாளியை ஒரே சீரான வேகத்தில் இழுக்கும்போது, கயிறு இழுக்கும் விசை வாளியின் எடையைவிட அதிகமா, சமமா? சமம்தான், பல பட்டதாரிகள் அதிகம் என்பார்கள். ராட்டினத்தில் சுற்றும்போது கையிலிருக்கும் பொரி உருண்டையை விட்டுவிட்டால், மேலிருந்து பார்க்கிறவருக்கு அது எந்தப் பாதையில் போவதாகத் தெரியும்? வட்டமாக இல்லை, விட்ட இடத்திலிருந்து நேராக. சைக்கிள் மாட்டு வண்டியில் மோதினால், எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது? இரண்டும் ஒரே அளவு. அடி மட்டும் லேசானதற்கு.

விடையை நான் சொன்ன மாதிரி உடனே சொல்லிவிடாதீர்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். ஏன் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காமல், எப்படிச் செய்து பார்க்கலாம் என்று கேளுங்கள். வாளியை இழுக்க வேண்டுமென்றால் இழுக்கட்டும், எதையாவது எறிந்து பார்க்க வேண்டுமென்றால் எறியட்டும். ஒன்றிரண்டு சாமான் உடையும். பரவாயில்லை.